தடைக்காலத்தில் பைக்கில் வால்பாறை போகிறோம்: மிருகம் குறுக்கே வந்தால் என்ன செய்வது?

பாம்பன் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாம்பன்காரன், விசைப்படகில் வேலை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில்தான் கிடக்கும். வலை சீர்செய்வது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது எல்லாம் முடிந்ததும் மே மாதத்தில் ஒரு வாரம் கையில் வேலை இருக்காது. அந்த நேரத்தில் மச்சானும் நானும் ஆளுக்கொரு பைக்கில் வால்பாறை போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். என் வண்டி 150 சிசி, முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது). மச்சான் வண்டி 125, அதில் ஏபிஎஸ் இல்லை.

எங்கள் பக்கம் ரோடெல்லாம் தட்டை. தூரத்தில் வருவது தெரியும். காற்று அடிக்கிற நாளில் பாம்பன் பாலத்தில் வண்டியை எப்படிப் பிடிப்பது என்பது எங்களுக்கு அத்துப்படி. மலை ரோடு மட்டும் பழக்கமே இல்லை.

பயம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. சித்தப்பா மகன் பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது காட்டுப்பன்றி மேல் மோதித் தோள்பட்டை எலும்பு உடைந்துபோனது. வளைவு திரும்பியதும் நடுரோட்டில் நின்றதாம். வேகமாகப் போகவில்லை, ஐம்பதுதான் இருக்கும் என்கிறான். அதைக் கேட்டதிலிருந்து அம்மா போகவே வேண்டாம் என்கிறார்.

பிரேக் அடிப்பதா, ஒடித்துத் திருப்புவதா? ஹாரன் அடிக்கலாமா? யானை நின்றால் என்ன செய்ய வேண்டும்? எத்தனை மணிக்கு ஏறினால் நல்லது? போய்வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் அம்மாவிடம் காட்டிவிடுவேன்.

பரமக்குடி மெக்கானிக்:

தம்பி, ஐம்பது என்பது மலையில் குறைந்த வேகம் இல்லை. கணக்கைப் பாருங்கள். 60-ல் போகும்போது ஒரு நொடியில் வண்டி 16, 17 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து, மூளைக்கு உறைத்து, விரல் பிரேக்கைத் தொடுவதற்கே அந்த ஒரு நொடி போய்விடும். அதற்கு மேல் காய்ந்த நல்ல தார் ரோட்டில் நன்றாக பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 37 மீட்டர் ஆகிறது. அதே 40-ல் போனால் மொத்தமே 20 மீட்டருக்குள் நின்றுவிடலாம். ஈரமோ இறக்கமோ இருந்தால் இரண்டு கணக்குமே நீளும். கொண்டை ஊசி வளைவில் கண்ணுக்குத் தெரிகிற ரோடே பல இடங்களில் 15 மீட்டர்தான். அங்கே 20-க்கு மேல் ஏன் போக வேண்டும்?

உங்கள் வண்டியில் முன் ஏபிஎஸ் இருப்பதால் முன்பிரேக்கைத் தைரியமாக அழுத்தலாம், ஆனால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். பதற்றத்தில் எல்லோரும் பின்பிரேக்கைத்தான் ஓங்கி மிதிப்பார்கள். அதை இப்போதே மாற்றிப் பழகுங்கள். மச்சான் இரண்டு பிரேக்கையும் பிடிக்க வேண்டும், முன்பிரேக்கைச் சட்டென்று பிடுங்காமல் படிப்படியாக இறுக்க வேண்டும். சாய்ந்த வண்டியில் பிரேக்கை இறுக்கினால் கீழேதான் விழ வேண்டும். முதலில் வண்டியை நிமிர்த்துங்கள், அப்புறம் அழுத்துங்கள்.

ஒடித்துத் திருப்புகிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். மலை ரோட்டில் ஒருபுறம் பாறையும் வடிகாலும், மறுபுறம் பள்ளம். நடுவில் திரும்பினால் எதிரே பஸ். மிருகமும் எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. நேர்கோட்டில் பிரேக் பிடித்து வேகத்தைக் கொட்டுவதுதான் வழி. மோதியே தீரும் என்ற நிலை வந்தால் கடைசிக் கணத்தில் முன்பிரேக்கை விட்டுவிட்டு ஹாண்டிலை இறுக்கி நேராகப் பிடியுங்கள். பிரேக் பிடித்தபடி மோதினால் முன்பக்கம் அமுங்கி ஆளைத் தூக்கி எறியும்.

கிளம்பும் முன் பிரேக் கட்டை, டயர், ஹெட்லைட் மட்டம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கடற்கரை வண்டிகளில் உப்புக்காற்று பட்டு டிஸ்க் பிரேக்கில் கட்டையை அழுத்துகிற காலிப்பரில் இருக்கிற ‘பின்’ என்கிற கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கும். உங்களுக்கு அது தெரியவே தெரியாது. பிரேக் பிடிக்கிற மாதிரிதான் இருக்கும், பாதி வேலைதான் செய்யும். கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்துக்கொண்டு போங்கள்.

தேவிபட்டினம் டீச்சர்:

தம்பி, நான் ஊருக்கு மாறுதலாகி வரும் முன் வால்பாறையில் ஒரு எஸ்டேட் பள்ளியில் வேலை பார்த்தேன். டவுனிலிருந்து பள்ளிக்கு ஸ்கூட்டரில்தான் போய்வருவேன். மிருகங்கள் தினமும் நடக்கிற ரோடு அது. மெக்கானிக் அண்ணன் நிற்பதைப் பற்றி அருமையாகச் சொல்லிவிட்டார். முன்கூட்டியே பார்ப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். மலையில் ஆளைக் காப்பாற்றுவது அதுதான்.

முதலில் நேரம். பாம்பனிலிருந்து மதுரை, திண்டுக்கல், பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சி போய்ச் சேரவே 350 கிலோமீட்டர் வந்துவிடும். விடியற்காலையில் கிளம்பினாலும் மூன்று, நான்கு மணி ஆகிவிடும். மலை எதிரிலேயே தெரியும், இன்னும் 64 கிலோமீட்டர்தானே, ஏறிவிடலாம் என்று மனசு சொல்லும். ஏறாதே. அந்தச் சாயங்காலம்தான் யானை, காட்டெருமை, கடமான் எல்லாம் காட்டை விட்டுத் தண்ணீருக்கும் புல்லுக்கும் வெளியே வருகிற நேரம். மே மாதத்தில் உள்ளே ஓடைகள் வறண்டுகிடக்கும் என்பதால் ஆழியாறு அணைப் பக்கமும் நவமலைப் பக்கமும் யானை இறங்கும். நீயோ பகல் முழுக்க வெயிலில் ஓட்டிய களைப்பில் இருப்பாய். பொழுது சாய்ந்தால் ஆழியாறு செக்போஸ்ட்டில் பைக்கை விடவும் மாட்டார்கள். பொள்ளாச்சியிலோ ஆனைமலையிலோ தங்கிவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு மேல், வெயில் ரோட்டில் விழுந்த பிறகு ஏறு. திரும்பும் நாளில் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வால்பாறையை விட்டுக் கிளம்பிவிடு. மே மாதம் மதியத்துக்கு மேல் கோடை மழையும் மூடுபனியும் வரும்.

அடுத்து, அரசு பஸ். ஏறும்போது பொள்ளாச்சி–வால்பாறை பஸ் ஒன்றைப் பிடித்துக்கொள். டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பார், அந்த 40 கொண்டை ஊசி வளைவும் அவருக்குக் கைரேகை மாதிரி. அவர் வேகத்தைக் குறைத்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் பஸ்ஸின் முதுகோடு ஒட்டிப் போகாதே. பஸ்ஸுக்குப் பயந்து ஒதுங்கிய குரங்கும் பன்றியும் பஸ் போனதும் மறுபடி ரோட்டுக்கு வரும். இரண்டு கரண்ட் கம்பம் இடைவெளி இருக்கட்டும்.

பஸ் நின்றுவிட்டால் நீயும் நில். இதை உன் மச்சானுக்கும் நூறு தடவை சொல். பைக் ஓட்டுகிறவர்களுக்குச் சந்து கிடைத்தால் நுழைகிற பழக்கம் இருக்கிறது. டிராஃபிக்கில் அது சரி. மலையில் வண்டிகள் வரிசையாக நின்றால் முன்னால் யானை நிற்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 2025 பிப்ரவரியில் இதே வால்பாறை ரோட்டில், டைகர் வேலி அருகே, மற்ற வண்டிகள் நின்று காத்திருந்த இடத்தில் யானையைக் கடந்துபோகப் பார்த்த ஜெர்மனிப் பயணி ஒருவர் இறந்துபோனார். அவரும் பைக்கில்தான் வந்தார். காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

யானையைப் பார்த்தால் நூறு மீட்டராவது தள்ளி நில். அவ்வளவு தூரம் இருக்கும்போதே வண்டியை வந்த பக்கம் திருப்பி வைத்துக்கொள், எஞ்சின் ஓடட்டும். ஹாரன் வேண்டாம், ஹை பீம் வேண்டாம், போன் எடுக்கவே வேண்டாம். ரோட்டோரத்தில் சாதுவாக மேய்கிறதே, கடந்துவிடலாம் என்று தோன்றும். அதன் குட்டி ரோட்டுக்கு மறுபுறம் நின்றால் நீ இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வாய். அரைமணி ஆனாலும் காத்திரு. அருகில் யானை இருப்பது கண்ணில் படும் முன்பே ரோடு சொல்லிவிடும். பச்சைக் கிளை முறிந்து ரோட்டில் கிடக்கும், இலை வாடியிருக்காது. ஈரம் காயாத சாணி கிடக்கும், குளிரில் ஆவிகூடப் பறக்கும். அப்படிக் கண்டால் அடுத்த வளைவை நடக்கிற வேகத்தில் திரும்பு. வால்பாறைப் பக்கம் சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள், யானை பக்கத்தில் இருந்தால் அதை எரியவிடுவார்கள். எரிவதைப் பார்த்தால் மேலே போகாமல் யாரையாவது கேள்.

காட்டெருமை விஷயம் வேறு. அது துரத்தி வருவது அபூர்வம், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு உடம்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஆயிரம் கிலோ வரை இருக்கிற கடா பத்தடி முன்னால் நின்றாலும் இருட்டாகத்தான் தெரியும். நான் பார்த்துப் பழகியது அதன் கால்களை. முழங்காலுக்குக் கீழே நான்கு காலும் வெளுத்திருக்கும். மூடுபனியில் ரோட்டு மட்டத்தில் வெள்ளையாக நான்கு கோடு அசைந்தால் மேலே உடம்பைத் தேடிக்கொண்டிருக்காதே, உடனே வேகத்தைக் குறை. தேயிலைத் தோட்டத்துக்குள் அது நின்றால் செடி கால்களை மறைத்துவிடும், முதுகு மட்டும் தெரியும். அப்போதும் குறை, ஏனென்றால் வரப்பிலிருந்து ஒரே எட்டில் ரோட்டுக்கு இறங்கிவிடும்.

கடலில் வேலை செய்கிறவர்கள் கூலிங் கிளாஸ் போட்டே பழகியிருப்பீர்கள். அட்டகட்டிக்கு மேல் வெயிலும் மர நிழலும் மாறி மாறி வரும். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் நுழைகிற அந்த இரண்டு நொடி கண் குருடு. கறுப்புக் கண்ணாடியும் கறுப்பு வைசரும் இருந்தால் அது இன்னும் நீளும். வெறும் கண்ணாடி வைசர் போதும்.

நீங்கள் இரண்டு வண்டி என்பதால் இதையும் கவனி. முன்னால் போகிறவன் தப்பிவிடுவான், பின்னால் வருகிறவன்தான் மோதுவான். கடமானோ புள்ளிமானோ முதல் வண்டிச் சத்தத்தில் விழித்து, இரண்டாவது வண்டி வரும்போது பாயும். பன்றி என்றால் தாய் தாண்டிய பிறகு குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்று கடந்துவிட்டது என்பதற்காக ரோடு காலி இல்லை. ஏபிஎஸ் இல்லாத மச்சான் முன்னால் போகட்டும், வேகம் அவன் வைப்பதாக இருக்கட்டும். நீ நாலு நொடி பின்னால் போ. எதையாவது பார்த்தால் அவன் இடது கையைத் தூக்கட்டும்.

ஒன்பதாவது வளைவில் வரையாடு நிற்கும். நம் மாநில விலங்கு, பக்கத்திலேயே வரும், அழகாக இருக்கும். ஒன்றும் கொடுக்காதே. கீழே குரங்கு அருவிப் பக்கம் குரங்குகள் ரோட்டில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணமே காரில் போகிறவர்கள் வீசுகிற பிஸ்கட்டும் பழமும். தின்பதற்கு ரோட்டுக்கு வந்து, அடுத்த வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. புதுத்தோட்டம் அருகே சிங்கவால் குரங்குக் கூட்டம் கடக்கும். அவை ரோட்டில் இறங்காமல் போவதற்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், ஆனாலும் இறங்கும். காவலுக்கு நிற்கிறவர் கையைக் காட்டினால் நின்று, எல்லாம் கடந்த பிறகு போ. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத உயிர் அது.

சாயல்குடி பனங்காடு:

டீச்சர் சொன்னதில் பாதியை நம் ஊரிலேயே பழகிக்கொள்ளலாம். சாயல்குடியைச் சுற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் மயில் கூட்டமாக ரோட்டுக்கு வரும். மயில் எழும்பும்போது மேலே போகாது. கனமான பறவை, ஆள் நெஞ்சு உயரத்தில் ரோட்டைக் குறுக்காகக் கடந்துதான் உயரம் பிடிக்கும். ஆண் மயில் தோகையோடு எழும்பினால் இன்னும் மெதுவாக ஏறும். பைக்காரன் முகத்துக்கு நேராக வந்து அடிக்கும். இந்தப் பக்கம் ஹெல்மெட் போட்டாலும் வைசரை ஏற்றிவிட்டே ஓட்டுகிறார்கள், காற்றுக்காக. இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

பெட்டை ஒன்று கடந்தால் பின்னால் குஞ்சுகள் இருக்கும். ஆடும் அப்படித்தான், தாய் கடந்தபின் குட்டி துள்ளும். டீச்சர் பன்றிக்குச் சொன்ன அதே பாடம். மலைக்குப் போகிற வரை தினமும் நம் ரோட்டில் இதைப் பார்த்துப் பார்த்து வேகத்தைக் குறைத்துப் பழகினால் மலையில் கை தானாகச் செய்யும். எங்கள் ரோடு தட்டைதானே, எல்லாம் தெரியும் என்று தம்பி எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. கருவேலம் ரோட்டை ஒட்டி வளர்ந்திருக்கிற இடத்தில் எதுவும் தெரியாது.

மீன்வண்டி:

நான் லோடு ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகிறவன். மச்சான்கள் இரண்டு பேரும் இறக்கத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை, அதனால் சொல்கிறேன். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவதை நிறைய பார்க்கிறேன். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது, அவசரத்துக்கு மிச்சம் இருக்கும். நியூட்ரலில் சத்தமும் இருக்காது. மிருகத்துக்கு நீங்கள் வருவது தெரியாமல், நீங்கள் திடீரென்று முன்னால் போய் நிற்பீர்கள். பார்வை மறைகிற வளைவுக்கு முன் ஒரு சின்ன ஹாரன் அடிக்கலாம், அது எதிரே வருகிற வண்டிக்காக. மிருகத்தைக் கண்ணால் பார்த்த பிறகு அடிக்கக் கூடாது, மிரண்டு உங்கள் பக்கமே பாயும். மான் வெளிச்சத்தைப் பார்த்து உறைந்து நின்றால் லைட்டை டிம் செய்துவிட்டு நில்லுங்கள், போய்விடும். மூடுபனியிலும் டிம்தான், ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

கடவுள் புண்ணியத்தில் நடக்க வேண்டாம், நடந்துவிட்டால்: அடிபட்டுக் கிடக்கிற மிருகத்தின் பக்கத்தில் போகாதீர்கள். பன்றியும் காட்டெருமையும் எழுந்தால் குத்தும். வண்டியை விட்டுத் தள்ளி வாருங்கள், 108 கூப்பிடுங்கள், அடுத்த செக்போஸ்ட்டில் வனத்துறையிடம் சொல்லுங்கள். மறைத்துவிட்டுப் போனால் பின்னால் வருகிறவன் இருட்டில் அதன் மேல் ஏறுவான்.

கொடைக்கானல், ஊட்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதி) வேண்டும், 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பன் பையன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மா உட்கார்ந்து முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பொள்ளாச்சியில் தங்கிவிட்டுக் காலையில் ஏறுவதென்றால் போ என்று சொல்லிவிட்டார். காலிப்பரைக் கழற்றிப் பார்த்தோம், மெக்கானிக் அண்ணன் சொன்னது சரிதான், என் வண்டியில் ஒரு ‘பின்’ கம்பி அசையவே இல்லை. மாற்றியாயிற்று.

டீச்சர் அக்கா, இன்னொன்று. திரும்பும்போது வந்த வழியே வராமல் மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி இறங்கி, சாலக்குடி போய்ச் சுற்றி வரலாம் என்கிறான் மச்சான். அருவி பார்க்கலாம் என்று ஆசை. போகலாமா?

தேவிபட்டினம் டீச்சர்:

இந்தத் தடவை வேண்டாம் தம்பி. மளுக்கப்பாறை தாண்டினால் வாழச்சால் வரை ஆள் நடமாட்டம் குறைந்த அடர்ந்த காடு. இரண்டு முனையிலும் செக்போஸ்ட் இருக்கிறது. நடுவில் வண்டி நின்றுவிட்டால் உதவிக்கு அடுத்த வண்டி வர வேண்டும். ரோடும் குறுகல். 2022 நவம்பரில் இந்த ரோட்டில்தான் கபாலி என்று அங்கே பெயர் வைத்திருக்கிற ஒற்றை யானை எதிரே வந்ததால், ஒரு தனியார் பஸ் டிரைவர் பயணிகளோடு பஸ்ஸை 8 கிலோமீட்டர் பின்னாலேயே ஓட்டி வந்தார். திருப்ப இடம் இல்லை. அவர் அனுபவசாலி, பஸ்ஸில் இருந்தார். பைக்கில் அந்த நிலைமை எப்படி இருக்கும் என்று மச்சானிடம் கேள்.

அருவிதான் பார்க்க வேண்டுமென்றால் ஆழியாறு வழியே இறங்கிவந்து குரங்கு அருவியைப் பார்க்கலாம், மே மாதத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் ஏறும்போதே செக்போஸ்ட்டில் விசாரித்துவிடு. சனி, ஞாயிறு போகாதே, கோடை விடுமுறைக் கூட்டத்தில் கார்கள் வளைவில் முந்தும். செவ்வாய், புதன் பார்த்துப் போ. டவுனில் பெட்ரோல் போட்டுக்கொள்.